எலிகளுக்குச் சொன்ன கதை

ஜூலை 8, செவ்வாய்

இந்தக் கொப்பி டொக்டர் கிருசிகா வாங்கச் சொன்னது. "நாப்பது பக்கம் காணும் ஐயா" என்றார். கடையில் எண்பது பக்கம்தான் இருந்தது. எண்பது பக்கத்துக்கு என்னிடம் பயம் இருக்கிறதா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். இருக்கும்போலத்தான் தெரிகிறது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நின்றதற்கு ஒரு மாடு காரணம். அது நீளமான கதை, பிறகு எழுதுகிறேன். "எனக்குக் கதைக்க வரும் டொக்டர், எழுத வராது" என்றேன். "ஒண்டும் தெரியாத ஒரு ஆளுக்குக் கதை சொல்ற மாதிரி எழுதுங்க. நான் பாக்க மாட்டன். இது உங்களுக்கு" என்றார். காரைதீவுப் பிள்ளை. என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கதைத்தால் காதில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

சரி, ஒன்றும் தெரியாத ஆளே, கேள். என் பெயர் ஆதம்பாவா. ஊர் பாலமுனை. வயது ஐம்பத்தாறு. மனைவி சபூறா, ஒரே மகள் ஸம்றா. கெம்பஸில் எலி பார்க்கிற வேலை. எலி பிடிக்கிற வேலை இல்லை, வளர்க்கிற வேலை. வெள்ளை எலிகள். கூடு கழுவி, மரத்தூள் மாற்றி, தீனி வைத்து, ஆராய்ச்சி செய்கிற மிஸ் கேட்கும்போது தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஊரில் கேட்டால் "லெப்புல வேல" என்பேன். எலி என்று சொன்னால் அதற்குப் பிறகு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவில் இரண்டாவது வரிசையில் நின்றேன். இமாம் ஓதிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. தொண்டை ஒட்டிக்கொண்டது. மூச்சு மேலே வரவில்லை. மௌத்துதான், சாவு வந்துவிட்டது என்று நினைத்தேன். தொழுகையை முறித்துக்கொண்டு, பின்னால் நின்றவர்களை இடித்துத் தள்ளி, வெளியே ஓடிவந்து ஹவுழடியில் விழுந்தேன். ஒளு செய்கிற தண்ணீர்த் தொட்டிதான் ஹவுழு. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இளந்தாரியின் இதயம் மாதிரி இருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு நாலு தரம் ஓடினேன். நாலு தரமும் இளந்தாரி இதயம்தான். ஐந்தாம் தரம் கல்முனையில் இந்த மனநலக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

சுனாமிப் பயமா என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. கடலோடு எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. பள்ளிவாசலுக்குள்தான் பயம். பயப்படுகிற இடமா அது? இதை யாரிடம் போய்ச் சொல்ல?


ஜூலை 11, வெள்ளி

ஜும்மா. கடைசி வரிசை, ஹவுழுக்குப் பக்கத்தில். இடப் பக்கம் மஜீட் மச்சான், சபூறாவின் காக்கா, அண்ணன். சட்டைப் பையில் தைலப் போத்தல். ஓடவில்லை.

வெளியே வரும்போது செருப்பு விடுகிற இடத்தில் ஒருவர், "என்ன, ஆதம்பாவாவ ஹவுழுக்குக் காவல் போட்டிரிக்காங்களா?" என்றார்.

மஜீட் விடவில்லை. "ஓம், இவன் ஹவுழு மீனெல்லாம் சரியா இரிக்கா எண்டு பாத்துட்டுத்தான் வீட்ட வருவான். உங்கட வீட்டு மீனையும் பாக்கச் சொல்லவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. சபூறா ஆணத்தை ஊற்றி ஊற்றிப் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.


ஜூலை 13, ஞாயிறு

சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். மாப்பிள்ளை றிபாத். நெல் அறுக்கிற மெசின் ஓட்டுகிற பொடியன், கை முழுக்கக் கிரீஸ் வாசம், நல்ல பிள்ளை. ஆகஸ்ட் 24, ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளியில் காவின், கலியாண எழுத்து, என்று முடிவானது.

பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மௌலவி சொல்லித் தருகிறதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் மகளை உமக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று. மூச்சு ஒன்றுக்குள் முடிகிற வசனம். மிம்பர் மேடைக்கு முன்னால், சனத்துக்கு நடுவில்.

அவர்கள் போன பிறகு சபூறா சொன்னாள், "மௌலவிக்கு வக்காலத்துக் குடுத்தாச் சரிதானே. உங்களுக்குப் பதிலா அவரு சொல்லுவாரு. எத்தின பேர் அப்பிடிச் செய்றாங்க."

ஸம்றா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். "எண்ட கூட்டாளிமார்ர வாப்பாமாரெல்லாம் கட்டார்ல, சவூதில. அவங்களுக்கு வக்காலத்துதான். எண்ட வாப்பா வீட்டதானே இரிக்கிற? வாப்பா, நீங்கதான் சொல்லோணும்."

அவளுக்கு நான் கிளினிக்குக்குப் போவது தெரியாது. "ஓம் மகள்" என்றேன். ஓம் என்று சொல்ல எவ்வளவு லேசு.

இன்னும் ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள்.


ஜூலை 15, செவ்வாய்

கிளினிக். டொக்டர் ஆள் இருக்காத ஒரு கதிரையை எனக்கு முன்னால் வைத்து, "இதுதான் மருமகன். கண்ண மூடுங்க. பள்ளிய நினையுங்க. சனம் இருக்குது எண்டு நினையுங்க. சொல்லுங்க" என்றார். நெஞ்சு அடித்தது. "அடிக்கட்டும். ஓடாதீங்க. அது தன்ட பாட்டுல ஏறி, தன்ட பாட்டுல இறங்கும்." மூன்றாம் தரம் தடங்கல் இல்லாமல் சொன்னேன். ஸம்றாவைக் கதிரைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல, டொக்டர் மேசையில் தலை வைத்துச் சிரித்தார்.

பிறகு சட்டைப் பையைப் பார்த்தார். "அது என்ன ஐயா?"

"தைலம். மூச்சு அடைச்சா மணக்கிறதுக்கு."

"அத வீட்ட வெச்சிட்டுப் போங்க. பயம் தானா இறங்குது. ஆனா போத்தல் கையில இருந்தா, போத்தல்தான் காப்பாத்தினது எண்டு மனசு நினைச்சிக்கொள்ளும். மறுகா போத்தல் இல்லாத நாளைக்கு என்ன செய்வீங்க?"

வைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பஸ்ஸில் ஏறும் முன்பே அதை இடுப்பில் சாரத்து மடிக்குள் மாற்றி வைத்தேன். சட்டைப் பை வெறுமை. பொய் இல்லை. பொய்தான்.


ஜூலை 17, வியாழன்

இன்று வேலையைப் பற்றி எழுதுகிறேன், வேறு எதையும் நினைக்க விருப்பமில்லை.

நிஹ்லா மிஸ் மருதமுனைப் பிள்ளை. பெரிய படிப்புக்காகப் பயத்தைப் பற்றி ஆராய்ச்சி. பதினாறு எலி. ஒரு பெட்டி இருக்கிறது, அடியில் கம்பி. கீ என்று ஒரு சத்தம் வரும், உடனே கம்பியில் சின்னதாகக் கரண்ட். "பட்டரிய நாக்குல வெச்சாச் சுள் எண்டு இரிக்குமே காக்கா, அவ்வளவுதான்" என்றார். ஆனாலும் எலிக்கு அது தெரியுமா? இரண்டு நாளில் சத்தம் கேட்டாலே கரண்ட் இல்லாமலும் கல்லாகிவிடும். மூச்சு மட்டும் ஓடும். அந்தக் கண்ணைப் பார்த்தால் ஹவுழடியில் விழுந்து கிடந்த என்னைப் பார்க்கிற மாதிரி.

இப்போது கரண்ட் இல்லை. சத்தம் மட்டும், நாளைக்கு எத்தனையோ தரம். ஒன்றும் நடக்காது என்று எலி மெதுவாகப் பழக வேண்டும். பழகிவிட்டதா என்று மிஸ் அடுத்த அறையில் கொம்பியூட்டரில் பார்க்கிறார். கல்லாக நிற்கிற விநாடிகளைக் கணக்கெடுக்கிறார். நான் கணக்கு இல்லாமலே சொல்லுவேன். முதலில் மீசை ஆடும். பிறகு மூக்கு. பிறகு இரண்டு முன்கையாலும் முகத்தைக் கழுவும், தலையிலிருந்து கீழே இழுத்து இழுத்து. முகம் கழுவினால் பயம் இறங்கிவிட்டது. இது யாரும் சொல்லித் தந்தது இல்லை.

எலியைப் பெட்டிக்குள் விட்டபிறகு நான் வெளியே போய்விட வேண்டும் என்பது சட்டம். எனக்கு மனம் வரவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்து அதுகளுக்கு மாட்டுக் கதையைச் சொல்லுவேன், மெதுவாக. படம் மட்டும்தான் மிஸ்ஸுக்குப் போகும், சத்தம் போகாது. எலிகள் கேட்கிற மாதிரி ஊரில் ஒருவரும் என் கதையைக் கேட்டதில்லை.


ஜூலை 22, செவ்வாய்

கிளினிக். கதிரைக்கு இன்னும் இரண்டு தரம் கட்டிக் கொடுத்தேன். டொக்டருக்குச் சந்தோஷம். மடிக்குள் போத்தல்.

வெளியே வாங்குப் பலகையில் முறைக்குக் காத்திருக்கும்போது எதிரே ஒரு முகம். சம்மாந்துறை முகம். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்த ஆளா? நான் பத்திரிகையால் முகத்தை மூடினேன். பத்திரிகை தலைகீழாக இருந்தது பிறகுதான் தெரிந்தது.


ஜூலை 23, புதன்

நிஹ்லா மிஸ் காலையிலேயே கண் சிவந்து நின்றார். செவ்வாயில் வழக்கமாகப் பெட்டி வேலை இல்லை, ஆனால் நேற்றுத்தான் சோதனை நாளாம். நான் லீவு, வேறு ஒருவர் கூடுகளைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். சத்தம் போட்டதும் பதினாறும் கல். முதல் நாள் மாதிரி.

"நாலு மாசம் காக்கா. போன கிழம வரைக்கும் எல்லாம் பழகிட்டுதுகள். நேத்து எல்லாத்துக்கும் பேய் பிடிச்ச மாதிரி. தீனி மாத்தினீங்களா?"

"இல்ல மிஸ்."

"சரி, இண்டைக்கு ரெண்டக் கொண்டு வாங்க, ஒருக்காப் பாப்பம்."

கொண்டுபோனேன். ஸ்டூலில் இருந்தேன். வாய் தன் பாட்டில் கதையைத் தொடங்கிவிட்டது. சத்தம் வந்தது. இரண்டும் முகம் கழுவின.

மிஸ் ஓடி வந்தார். "ஒண்டுமே இல்லையே! நேத்து மட்டும் என்ன நடந்த?"

நேற்று என்ன இல்லை என்று எனக்குத் தெரியும்.


ஜூலை 24, வியாழன்

சொல்லோணும். சொன்னா வேல போயிரும். மகள்ர காவின் வருகுது. சொல்லாட்டி அந்தப் புள்ளட நாலு மாசம் — அல்லாஹ்வே. எலிக்குக் கதை சொன்னன் எண்டு எப்பிடிச் சொல்ற? எவன் நம்புவான்? நம்பினாலும் சிரிப்பானே.

நெஞ்சு அடிக்கிது. போத்தல் எங்க. இரிக்கி.


ஜூலை 25, வெள்ளி

மஜீட் மச்சானுக்குக் காலையில் அக்கரைப்பற்றுக்கு ஓட்டோ ஹயர் வந்தது. "தனிய போயிருவாய்தானே?" என்று வாசலில் நின்று கேட்டான். போய்விடுவேன் என்றேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, போத்தலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனேன். பள்ளிப் படலை வாசல் வரைக்கும்.

இடப் பக்கம் ஆள் இல்லை. அவ்வளவுதான். அதே பள்ளி, அதே பாங்கு, அதே கடைசி வரிசை. கால் உள்ளே போகவில்லை. ஏழு மாதமாக வெள்ளி தவறாமல் போய்ப் பழகினேனே, அந்தப் பழக்கமெல்லாம் எங்கே போனது? கிறுகி, வந்த வழியே வீட்டுக்கு வந்து லுஹர் தொழுதேன்.

தொழுத இடத்திலேயே இருந்து யோசித்தேன். கச்சான் காற்று ஓட்டுக்கு மேலே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் மண்டைக்குள் விழுந்தது. எனக்கு மஜீட் எப்படியோ, அந்த எலிகளுக்கு நான் அப்படி.

திங்கள் சொல்லிவிடுவேன்.


ஜூலை 28, திங்கள்

சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே.

மிஸ் முதலில் விளங்காத மாதிரிப் பார்த்தார். பிறகு, "உள்ள இருந்தீங்களா? ஒவ்வொரு நாளுமா?" என்று கேட்டார். பிறகு கத்தினார். "உங்களுக்கு எத்தின தரம் சொன்ன நான்! நாலு மாசம் காக்கா! நான் புரொபசர் சேருக்கு என்ன சொல்ற?" கதிரையில் இருந்து அழுதார். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்னத்தைப் பிடிக்க?

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடி என்ன கதை அதுகளுக்குச் சொன்ன நீங்க?" என்றார்.

"மாட்டுக் கதை."

"என்ன மாடு?"

"நான் நாலாம் வகுப்புப் படிக்கக்க ஒரு மாடு வகுப்புக்குள்ள வந்து பேர் கூப்பிடுற இடாப்பத் தின்னுட்டு மிஸ். எல்லார்ட பேரும் போச்சு. விரட்டிட்டு வா எண்டு வாத்தியார் என்ன அனுப்பினார். நான் இன்னும் கிறுகிப் போகல்ல."

அழுதுகொண்டே சிரித்தார். ஒருவரை அப்படிப் பார்க்க மனது பதைக்கிறது.

பிறகு ஒரு தாளில் எதையோ கிறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அதுகள் சத்தத்துக்குப் பயமில்லாம இரிக்கப் பழகல்ல காக்கா. உங்கட குரல் இரிக்கிற வரைக்கும் பயமில்ல எண்டு மட்டும் பழகிட்டுதுகள். குரல் இல்லாட்டி முதல் நாள் பயம் அப்பிடியே இரிக்கி. அழிஞ்சி போகல்ல, உள்ளுக்குள்ள."

எனக்கு அடக்க முடியவில்லை. மடியிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். மார்கழி வெள்ளியிலிருந்து கதிரை மருமகன் வரைக்கும் எல்லாம் சொன்னேன். மகளுக்குச் சொல்லாததை இந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். சேரிடம் என் பெயரையும் சொல்லுங்கள் என்றேன்.

மிஸ் போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்கட டொக்டரோட நான் கதைக்கலாமா? நீங்க ஓம் எண்டாத்தான்."

"ஓம்" என்றேன்.


ஜூலை 31, வியாழன்

சேர் கூப்பிட்டார். அரை மணித்தியாலம் நிற்க வைத்து ஏசினார். இனி அறைக்குள் வாய் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். வேலை இருக்கிறது. நிஹ்லா மிஸ் ஏதோ கதைத்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. புதிதாகப் பதினாறு எலி வருகிறது. முதலிலிருந்து.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிளினிக்கில் இரண்டு பேரும் எனக்கு முன்னால் இருந்து கதைத்தார்கள். சபூறா பெட்டகத்துக்குள் போட்டு வைத்திருக்கிற பழைய துணியை எடுத்து விரித்துப் பார்க்கிற மாதிரி என்னை விரித்துப் பார்த்தார்கள். கூச்சமாக இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க விளங்கியது.

நிஹ்லா மிஸ் சொன்னார், "டொக்டர், இன்னொண்டும் பாத்த நான். பெட்டிட சுவரையும் வாசத்தையும் மாத்தினா பயம் திரும்பி வருது. ஒரு இடத்துல பழகினது அந்த இடத்துக்குத்தான் செல்லுது."

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என் முன்னால் இருந்த கதிரையைப் பார்த்தார். "அப்ப நானும் அதத்தான் செஞ்சிருக்கன். இந்தக் கதிரைக்கு முன்னால ஐயாவுக்குப் பயமில்ல. இந்த அறையில, நான் பக்கத்துல இருக்கக்குள்ள. புத்தகத்துல படிச்சதுதான் மிஸ், நானும் படிச்சன். ஆனா இஞ்ச ஒரு நாளைக்கு நாப்பது பேர். வெளியில கூட்டிட்டுப் போக நேரம் எங்க?"

"எனக்கு எலி இரிக்கி, ஆக்கள் இல்ல. உங்களுக்கு ஆக்கள் இரிக்காங்க, நேரம் இல்ல" என்றார் மிஸ்.

நான் நடுவில் புகுந்தேன். "எனக்கு நேரம் இரிக்கி டொக்டர். சைக்கிளும் இரிக்கி."

மூன்று பேரும் சேர்ந்து திட்டம் போட்டோம். இனிக் கதிரை இல்லை. பள்ளிதான். ஒரே பள்ளி இல்லை, பல பள்ளி. ஒரே வக்துத் தொழுகை இல்லை, ஒரே வரிசை இல்லை. மஜீட் பக்கத்தில் இல்லை. போத்தல் இல்லை.

அப்போது போத்தலை மடிக்குள் ஒளித்து வந்த உண்மையை டொக்டரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டொக்டர் கோபிக்கவில்லை. போத்தலை வாங்கவும் இல்லை. "எங்க வைக்கிறதெண்டு நீங்களே முடிவெடுங்க ஐயா" என்றார்.

கெம்பஸுக்குப் போய், எலித் தீனி வைக்கிற அலுமாரித் தட்டில், மூலையில் வைத்தேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

அட்டாளைச்சேனை, அஸர். தெரியாத பள்ளி, நாலாம் வரிசை. நெஞ்சு அடித்தது. கை மடிக்குப் போனது, ஒன்றும் இல்லை. அப்போது இன்னும் கூட அடித்தது. நின்றேன். மூன்றாம் ரக்அத்தில் கொஞ்சம் இறங்கிய மாதிரி. வெளியே வந்து பார்த்தால் சட்டை முழுக்க வியர்வை.

புது எலிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். பேசவில்லை. விட்டுவிட்டு வெளியே வந்து கதவுக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கதை தொண்டையில் நிற்கிறது. இதுவும் ஒரு மூச்சடைப்புத்தான்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

கல்முனை பஸாருக்குப் பக்கத்துப் பள்ளி, லுஹர். மூன்றாம் வரிசை. அடித்தது, இறங்கியது.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

மருதமுனை. இரண்டாம் வரிசை. பக்கத்தில் நின்றவர் தறிக்காரர்போல, நூல் துண்டு ஒன்று அவர் காதோரம் ஒட்டியிருந்தது. அதைச் சொல்லலாமா விடலாமா என்ற யோசனையிலேயே தொழுகை முடிந்துவிட்டது. நெஞ்சு அடித்ததா என்று நினைவில்லை. தொழுகையில் கவனமில்லை என்று அல்லாஹ் பிடிப்பானோ, அது வேறு பயம்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

எங்கட பள்ளி. ரெண்டாம் வரிசை. ஓடினேன்.


ஆகஸ்ட் 16, சனி

நேற்று எழுத முடியவில்லை. மார்கழியில் நின்ற அதே தூணடி. இமாம் ஓதத் தொடங்கியதும் அதே மாதிரி. எல்லாரும் பார்த்தார்கள். ஹவுழடியில் இருந்து மீனைப் பார்த்தேன். மீன்களும் பார்த்தன.

இன்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சபூறாவுக்குப் போன். பெண்ணின் வாப்பாவைக் கல்முனையில் அந்தக் கிளினிக்கில் கண்டார்களாம், நேற்று நடந்ததும் காதுக்குப் போய்விட்டதாம். அவர்களுக்கு ஒன்றும் இல்லையாம், ஆனால் மௌலவியே சொல்லிவிடட்டுமாம். சபையில் ஒரு சங்கையீனம், மரியாதைக் கேடு வரக் கூடாதாம்.

ஸம்றா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் முன்னால் வந்து நிலத்தில் இருந்தாள். சொல்ல வேண்டியதாகிவிட்டது. எட்டு மாதக் கதையையும் சொன்னேன்.

"எனக்கேன் சொல்லல்ல?"

"நீ பயந்திருவாய் எண்டு."

"நீங்க தனியப் பயந்தது காணாதா?" என்று என் கால்விரலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், "வாப்பா, நீங்க சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுங்க. நான் வீட்டுல காத்திட்டு இரிப்பன். ஆனா வேற ஆள் சொல்ல வேணாம். மாமிக்கு நான் போன் எடுத்துச் சொல்றன்."

எடுத்தாள். என்ன சொன்னாளோ. நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

டொக்டரிடம் ஓடியதைச் சொன்னேன். எல்லாம் போய்விட்டது என்றேன்.

"போகல்ல. மிஸ்ஸிட்டக் கேளுங்க, எலியும் ஒரு நாளைக்கு முகம் கழுவும், அடுத்த நாள் கல்லாகும், மறுநாள் திரும்பவும் கழுவும். நீங்க ஓடினது பயம் வந்ததால இல்ல ஐயா. பயம் வந்தா ஓடத்தான் வேணும் எண்டு நினைச்சதால. நாளைக்கு அதே தூணடியில போய் நில்லுங்க."


ஆகஸ்ட் 20, புதன்

தூணடி. மஃரிப். நின்றேன். முடியும் வரைக்கும்.


ஆகஸ்ட் 22, வெள்ளி

தூணடி. ஜும்மா. மஜீட்டைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். "ஏன்டா, எண்ட வேர்வ மணக்குதா?" என்று கேட்டான். நின்றேன். இடையில் போய்விடலாம் என்று மூன்று தரம் நினைத்தேன்.

புது எலிகளுக்கும் இன்று சோதனை. நான் இல்லாமல், வேறு ஆள் கொண்டுபோய். மிஸ் கதவைத் திறந்து கட்டைவிரலைக் காட்டினார். பதினாறில் பதின்மூன்று. மற்ற மூன்று? "அதுகளுக்கு இன்னும் நாள் வேணும்" என்றார். நான் அந்த மூன்றில் ஒன்றா?


ஆகஸ்ட் 23, சனி

வீடு நிறையச் சனம். நாளைக்கு. எல்லாரும் சிரிச்சிக் கதைக்கிறாங்க. எனக்கு ஒண்டும் கேக்குதில்ல. சொண்டு காயுது. அந்த வசனம் மறந்துபோனா? வாய் திறந்து சத்தம் வராட்டி? மகள் காத்திட்டு இரிப்பாள். எவ்வளவு நேரம் இரிப்பாள்?

தைலம் கெம்பஸ்ல. நல்லதுதான். இல்ல, நல்லதில்ல. சைக்கிள எடுத்தாப் போயிட்டு வந்துரலாம். சாவி காவலாளிட்ட இரிக்கி.

போகல்ல.


ஆகஸ்ட் 25, திங்கள்

நேற்றைய நாளை எழுதுகிறேன்.

அஸர் தொழுது முடிந்ததும் மிம்பருக்கு முன்னால் பாய் விரித்தார்கள். நான், எதிரே றிபாத், பக்கத்தில் மௌலவி, சாட்சிகள். சுற்றிவரச் சனம், கதவெல்லாம் சனம். மஜீட் தூரத்தில். றிபாத்தின் கை என் கைக்குள் வந்தது. கழுவியும் போகாத கிரீஸ் வாசம். அவன் கை நடுங்கியது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு மட்டும்தான் பயம் என்று நினைத்திருந்தேனே.

மௌலவி சொல்லித் தந்தார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

தொண்டை ஒட்டிவிட்டது. நெஞ்சு பறை மாதிரி. மௌலவி திருப்பிச் சொன்னார். வரவில்லை. எங்கேயோ ஒருவர் இருமினார். மாப்பிள்ளையின் மாமா மௌலவிக்குப் பக்கத்தில் குனிகிறார், தெரிகிறது. காலுக்குள் ஓடு ஓடு என்கிறது. ஏறட்டும் என்று விட்டேன். ஏறியது. இன்னும் ஏறியது. நான் கல்லாக இருந்தேன். மூச்சு மட்டும் ஓடியது.

பிறகு மூக்கில் காற்றுப் போவது தெரிந்தது. கிரீஸ் வாசமும் அத்தர் வாசமும். றிபாத்தின் கையை விட்டேன். என்னுடைய இரண்டு கையும் தன் பாட்டில் எழும்பி, நெற்றியிலிருந்து கீழே முகத்தை இழுத்துத் துடைத்தன. சனம் நான் துஆ ஓதி முகம் துடைத்தேன் என்று நினைத்திருக்கும். மௌலவி "ஆமீன்" என்றார்.

திரும்பவும் கையைப் பிடித்தேன். "என் மகள் ஸம்றாவை" என்று தொடங்கினேன். குரல் ஆடியது, உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. முடியும் வரைக்கும் சொன்னேன். றிபாத் ஏற்றுக்கொண்டேன் என்றான், என்னைவிட மெதுவாக.

வீட்டுக்கு வந்தால் ஸம்றா வாசலில் நிற்கிறாள், புதுப் பெண் நிற்கக் கூடாத இடத்தில். "எவ்வளவு நேரம் எடுத்த வாப்பா?" என்றாள். "தெரியல்ல மகள், நான் மணி பாக்கல்ல" என்றேன். மஜீட் பின்னால் வந்து, "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திரிக்கலாம்" என்றான்.


செப்டம்பர் 12, வெள்ளி

ஜும்மாவுக்குப் போகும்போது நெஞ்சு கொஞ்சம் அடித்தது. நாலாம் வரிசையில் இடம் இருந்தது, நின்றேன். றிபாத் எங்கள் வீட்டோடு இருக்கிறான்தானே, வரும் வழியில் "மாமா, அந்த மாடு கடைசில எங்க போன?" என்று கேட்டான். ஸம்றா பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறாள் போல. கதையில் ஒலுவில் சந்தி வரைக்கும் மாட்டைக் கொண்டுபோய் விட்டேன், வீடு வந்துவிட்டது.

சபூறாவுக்கு முழங்கால் நோகிறதாம். சந்தியில் ஒரு போத்தல் தைலம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். தேய்த்தும் விட்டேன். கெம்பஸில் தட்டு மூலையில் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று, அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.